அட்டையைக் கேட்பவரின் கடமை



வாக்குரிமை குறித்துப் பேச வேண்டும் என்று அறக்கட்டளைக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். பெரிய பொருள் அது. அதில் ஒரு மேசையளவு இடத்தை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். ஆசிரியர் பணியில் இருந்த காலத்தில் தேர்தல் வேலைக்குப் போய், முதல் வாக்குப்பதிவு அலுவலரின் நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். வருகிறவரின் அட்டையைப் பார்த்து, பட்டியலில் வரிசை எண்ணைக் கண்டுபிடித்து, பேரை உரக்கப் படிப்பது அந்த அலுவலரின் வேலை. எதிரே பூத் ஏஜென்ட்கள் தங்கள் பிரதியில் அந்தப் பேரைக் குறித்துக்கொள்வார்கள். ஆட்சேபம் இல்லையென்றால் அடுத்த மேசைக்குப் போய் விரலில் மை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எல்லாம் அரை நிமிடம். அரசியல் சட்டம் 326ஆம் பிரிவில் தந்திருக்கும் உரிமை, கையில் ஓர் அட்டை இருக்கிறதா என்ற கேள்வியில் அந்த அரை நிமிடம் நிற்கிறது.

அட்டை கேட்பதே அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. கள்ள ஓட்டு நம் ஊர்களில் கற்பனைச் சரக்கல்ல. மாலை நாலு மணிக்கு மேல் வந்து, தன் பேரில் எவரோ ஏற்கெனவே வாக்களித்துவிட்டார் என்று தெரிந்து திகைத்து நின்ற மனிதரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் அட்டையைக் கேட்கும் அரசுக்கு இரண்டு கடமைகள் உண்டு. அந்த அட்டையைக் குடிமக்களின் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்று. அப்படியும் அட்டை இல்லாமல் வருகிறவருக்கு வேறு வழி திறந்து வைப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் செய்யாமல் அட்டையை மட்டும் கேட்டால், அரசு தான் செய்யத் தவறிய வேலைக்குக் குடிமகனைத் தண்டிக்கிறது என்று பொருள். இதற்கான சான்றுகளைச் சில நாடுகளிலிருந்து எடுத்துவைக்கிறேன்.

இந்தக் கேள்வி நீதிமன்றங்களில் மிக விரிவாக வாதாடப்பட்ட நாடு அமெரிக்கா. அங்கே எல்லாருக்குமான தேசிய அடையாள அட்டை கிடையாது. கார் ஓட்டுகிறவரிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கும், வெளிநாடு போகிறவரிடம் பாஸ்போர்ட் இருக்கும். இரண்டுக்கும் தேவையில்லாத முதியவரிடமும் ஏழையிடமும் படம் ஒட்டிய ஆவணம் எதுவுமே இல்லாமல் இருக்கலாம். வாக்குச்சாவடிக்குப் போய்ப் பேரைச் சொல்லிக் கையெழுத்திட்டால் போதும், அதைப் பதிவேட்டில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள் என்பதே பல மாநிலங்களின் நெடுநாள் வழக்கம்.

2005இல் இண்டியானா மாநிலம் இதை மாற்றியது. நேரில் வந்து வாக்களிப்பவர் அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையைக் காட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் அனைவரும் ஆதரித்தார்கள், ஜனநாயகக் கட்சியினர் அனைவரும் எதிர்த்தார்கள். வழக்கு கிராஃபோர்ட் எதிர் மேரியன் கவுன்ட்டி தேர்தல் வாரியம் என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் வரை போய், 2008 ஏப்ரல் 28 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. முதன்மைத் தீர்ப்பை எழுதிய ஜான் பால் ஸ்டீவன்ஸ் தாராளச் சிந்தனையாளர்கள் பெரிதும் மதித்த நீதிபதி. ஆகவே இதைக் கட்சிச் சார்புத் தீர்ப்பென்று தள்ளிவிட முடியாது. ஊன்றிப் படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

அட்டை இல்லாத வாக்களிக்கும் வயதினர் சுமார் 43,000 பேர், மாநிலத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதம் என்று விசாரணை நீதிபதி கணக்கிட்டிருந்தார். மறுபக்கம், இண்டியானாவின் வரலாற்றில் நேரில் வந்து ஆள்மாறாட்டம் செய்ததாக ஒரே ஒரு நிகழ்வுகூட வழக்கு ஆவணத்தில் இல்லை. இதை ஸ்டீவன்ஸே தீர்ப்பில் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் மோசடியைத் தடுப்பதும் தேர்தல் மீதான நம்பிக்கையைக் காப்பதும் அரசின் நியாயமான நோக்கங்கள், அட்டை இலவசம், அதை வாங்க அலுவலகத்துக்குப் போய்வருவது பெரும்பாலோருக்குப் பெரிய சுமையல்ல என்பது அவர் முடிவு. எல்லாருக்கும் ஒரேமாதிரியான விதிதானே, தனித்தனி ஆளுக்கு என்ன சுமை என்று பார்க்க வேண்டியதில்லை என்று உடன்பட்ட நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா தனியாக எழுதினார்.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய டேவிட் சூட்டர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அவர் கொள்கை பேசுவதற்கு முன் தூரத்தை அளந்தார். இண்டியானாபொலிஸ் நகரம் இருக்கும் மேரியன் கவுன்ட்டியில் 900க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிப் பகுதிகள் உண்டு. அட்டை தரும் வாகனத் துறை அலுவலகங்களோ 12. மாநிலத்தின் 92 கவுன்ட்டிகளில் 21இல் பொதுப் போக்குவரத்தே இல்லை. ஓட்டுநர் உரிமம் இல்லாதவருக்காகத்தான் அந்த இலவச அட்டை. கார் ஓட்டத் தெரியாதவரைக் கார் இல்லாமல் போக முடியாத அலுவலகத்துக்கு வரச் சொல்கிறது சட்டம். அட்டைதான் இலவசம், அதற்குக் கேட்கப்படும் பிறப்புச் சான்றிதழுக்கு அப்போது 3 முதல் 12 டாலர் வரை கட்டணம். வாக்களிக்க ஒன்றரை டாலர் தலைவரி கேட்ட வர்ஜீனியாவின் சட்டத்தை அதே உச்ச நீதிமன்றம் 1966இல் ரத்து செய்தது. அட்டைக்கே நேரடியாகக் கட்டணம் வைத்த ஜார்ஜியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தக் காரணத்தால் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. சான்றிதழின் விலை மட்டும் கணக்கில் வராமல் போயிற்று.

அட்டை இல்லாதவரைச் சட்டம் முழுக்க விரட்டவில்லை என்றும் வாதிட்டார்கள். அவர் தற்காலிக வாக்குப் போடலாம். பிறகு பத்து நாளுக்குள் கவுன்ட்டித் தலைநகருக்குப் போய் அட்டையைக் காட்டினாலோ, வறுமையால் வாங்க முடியவில்லை என்று உறுதிமொழி தந்தாலோ அந்த வாக்கு எண்ணப்படும். இந்த ஏற்பாடு நடைமுறையில் எப்படி வேலை செய்தது? 2007இல் மேரியன் கவுன்ட்டியில் அட்டை இல்லாமல் 34 பேர் தற்காலிக வாக்குப் போட்டார்கள். எண்ணப்பட்டவை இரண்டு. அந்த 34 பேரும் தத்தம் சரியான சாவடிக்கே வந்திருந்தார்கள். 33 பேர் கையெழுத்திட்டார்கள், அத்தனை கையெழுத்தும் பதிவேட்டோடு பொருந்தின. எண்ணப்படாத 32 பேரில் 26 பேர் அதே கவுன்ட்டியில் முன்பு வாக்களித்தவர்கள். இவர்களில் எவர் கள்ள ஓட்டுப் போட வந்தவர்?

தீர்ப்பு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மே 6 அன்று அந்த மாநிலத்தில் கட்சிகளின் முதனிலைத் தேர்தல். சவுத் பெண்ட் நகருக்கு அருகே ஒரு கன்னியர் மடத்தில் எண்பது, தொண்ணூறு வயதைத் தாண்டிய அருட்சகோதரியர் சுமார் பன்னிரண்டு பேர் வாக்களிக்க முடியாமல் திரும்பினார்கள். வாக்குச்சாவடி அந்த மடத்துக்குள்ளேயே இருந்தது. அவர்களைத் திருப்பியனுப்ப வேண்டியிருந்த தேர்தல் அலுவலரும் அதே மடத்துச் சகோதரி. வந்து நிற்பவர் யார் என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயமில்லை. அடையாளத்தை உறுதிசெய்யத்தான் அட்டை என்றால், அங்கே அடையாளம் அட்டையைவிட உறுதியாக இருந்தது. இருந்தும் சட்டம் அட்டையைத்தான் கேட்டது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதே இண்டியானாவில் ஈஸ்ட் சிகாகோ நகரில் 2003 மேயர் பதவிக்கான முதனிலைத் தேர்தலில் பெரிய மோசடி நடந்தது. மாநில உச்ச நீதிமன்றம் மறுதேர்தலுக்கு உத்தரவிடும் அளவுக்கு அது நிரூபணமாயிற்று. ஆனால் அது அஞ்சல் வாக்குகளில் நடந்த மோசடி. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அஞ்சல் வாக்குக்குப் புகைப்பட அட்டை கேட்கவில்லை. திருடன் புகுந்த வாசல் ஒன்று, பூட்டுப் போட்ட வாசல் வேறொன்று.

இந்த வழக்கில் இடைநிலை மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சட்டம் செல்லும் என்று எழுதியவர் ரிச்சர்ட் போஸ்னர். அமெரிக்க நீதிபதிகளில் மிகுந்த செல்வாக்குப் பெற்றவர். இத்தகைய சட்டங்கள் மோசடித் தடுப்பாகக் கருதப்படாமல் வாக்காளரை ஒடுக்கும் வழியாகவே இப்போது பரவலாகக் கருதப்படுகின்றன என்று 2013இல் வெளிவந்த தம் நூலில் அவரே எழுதினார். அடுத்த ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் இதேபோன்ற சட்டம் நீதிமன்றத்துக்கு வந்தபோது அதற்கு எதிராக நீண்ட மாறுபட்ட கருத்தும் எழுதினார். நேர்மையான மனம் ஒன்று சான்றுகளைப் பார்த்துத் திரும்பியதை நான் மதிக்கிறேன். ஆனால் கிராஃபோர்ட் தீர்ப்பு மாறவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு மாநிலம் மாநிலமாகச் சட்டங்கள் வந்தன.

டெக்சாஸ் 2011இல் இயற்றியது அவற்றில் மிகக் கடுமையானது. துப்பாக்கி உரிமத்தை அடையாளமாக ஏற்ற அந்தச் சட்டம், அரசுப் பல்கலைக்கழக மாணவரின் அட்டையை ஏற்கவில்லை. யாரிடம் எந்த அட்டை இருக்கும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாத செய்தியல்ல. பதிவு செய்த வாக்காளர்களில் 6,08,470 பேரிடம் ஏற்கத்தக்க அட்டை எதுவும் இல்லை என்று 2014இல் கூட்டாட்சி நீதிமன்றம் கண்டறிந்தது. சட்டத்துக்கு முந்தைய பத்தாண்டுகளில் பதிவான சுமார் 2 கோடி வாக்குகளில் நேரடி ஆள்மாறாட்டத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் இரண்டே பேர் என்பதும் அந்த வழக்கில் வெளிவந்தது. அட்டை தரும் அலுவலகத்துக்குப் போய்த் திரும்ப 200 மைலுக்கு மேல் பயணம் செய்ய வேண்டிய வாக்காளர்களும் அந்த மாநிலத்தில் உண்டு. இனப் பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் நடுவண் அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற ஏற்பாடு இந்தச் சட்டத்தைத் தடுத்து வைத்திருந்தது. 2013 ஜூன் 25 அன்று ஷெல்பி கவுன்ட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்தது. அன்றைக்கே டெக்சாஸ் தன் சட்டத்தை நடைமுறைப்படுத்தப்போவதாக அறிவித்தது. அலபாமாவும் தன் அட்டைச் சட்டத்தைக் கொண்டுவந்து, 2015இல் ஓட்டுநர் உரிமம் வழங்கும் 31 சிற்றலுவலகங்களை மூட முடிவெடுத்தது. கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் பகுதிகள் பல அதில் அடிபட்டன. அட்டை கட்டாயம், அட்டை தரும் இடம் மூடல். எதிர்ப்புக்குப் பிறகே அந்த முடிவு ஓரளவு தளர்ந்தது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என்ரிகோ காண்டோனி, வின்சென்ட் போன்ஸ் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2008 முதல் 2018 வரை அமெரிக்கா முழுவதற்குமான வாக்காளர் தரவுகளை ஆராய்ந்தார்கள். கடுமையான அட்டைச் சட்டங்கள் வாக்குப்பதிவைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை, கறுப்பினத்தவரிடையேயும் குறைக்கவில்லை என்பது அவர்கள் முடிவு. அதற்கு மாறாக, நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2014இல் தந்த அறிக்கை கன்சஸ், டென்னசி மாநிலங்களில் சுமார் 2 முதல் 3 சதவீதப் புள்ளிகள் குறைந்ததாகக் கூறியது. இளைஞர்களிடையிலும் கறுப்பினத்தவரிடையிலும் குறைவு கூடுதல் என்றும் சொன்னது. எது சரி என்ற சச்சரவு தொடர்கிறது. காண்டோனியும் போன்ஸும் செய்த ஆய்வை நான் மதிக்கிறேன். அதே ஆய்வு இந்தச் சட்டங்களால் மோசடி குறைந்ததற்கும் தடயமில்லை என்கிறது. ஒருபுறம் பயனில்லை, மறுபுறம் சராசரியில் பெரிய இழப்பில்லை.

ஆனால் வாக்குரிமைக்குச் சராசரி கிடையாது என்பது என் கருத்து. தடையைக் கண்டு கோபப்பட்டுப் புதிதாக நூறு பேர் வாக்களிக்க வந்து, அட்டையில்லாத நூறு பேர் திரும்பிப்போனால் மொத்தக் கணக்கு மாறாது. திரும்பிப்போனவர்களின் உரிமை திரும்பி வந்துவிடுமா? மேரியன் கவுன்ட்டியின் 32 பேரும் எந்தத் தேர்தலின் முடிவையும் மாற்றியிருக்க மாட்டார்கள். அதற்காக அவர்கள் வாக்கு வாக்கில்லை என்று ஆகிவிடாது.

பிரிட்டனைச் சுருக்கமாகத் தொட்டுவிட்டுப் போகிறேன். 2022ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தின்படி 2023 மே மாதம் இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தலில் முதன்முறையாகப் புகைப்பட அடையாளம் கேட்டார்கள். வாக்குச்சாவடிக்கு வந்து, அடையாளம் இல்லாததால் வாக்களிக்காமலே போனவர்கள் சுமார் 14,000 பேர் என்று அந்நாட்டுத் தேர்தல் ஆணையமே அறிவித்தது. முதியோரின் பயணச் சலுகை அட்டை ஏற்கப்பட்டது, இளைஞரின் பயண அட்டை ஏற்கப்படவில்லை. இதற்கு மாறாக வட அயர்லாந்தில் 2003 முதலே புகைப்பட அட்டை கட்டாயம். அங்கே தேர்தல் அலுவலகமே இலவச அட்டை தயாரித்துக் கொடுத்தது. ஒரே முடியாட்சிக்குள் இரண்டு அனுபவங்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1951–52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்காளர்கள். பட்டியல் தயாரிக்கப் போனபோது வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பேரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவாயிற்று. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், சொந்தப் பேர் இல்லாத பதிவு செல்லாது என்று உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. பெண் தன் பேரோடுதான் குடிமகளாக வேண்டும் என்பது சரியான விதிதான். ஆனால் சரியான விதிக்கும் இப்படியொரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் விதியை எழுதியவராக இருப்பதில்லை.

புகைப்பட அட்டைக்கு 1960இலேயே கல்கத்தாவின் ஒரு தொகுதியில் முன்னோட்டம் பார்த்துக் கைவிட்டார்கள். 1979இல் சிக்கிமில் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்குமாக 1993 ஆகஸ்டில் ஆணையிட்டவர் அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன். அட்டை கொடுக்காவிட்டால் 1995 ஜனவரி 1க்குப் பிறகு தேர்தலே நடத்த மாட்டேன் என்று அவர் மாநில அரசுகளை மிரட்டியது பலருக்கும் நினைவிருக்கும். அவர் முறையை எவ்வளவோ பேர் குறை சொன்னார்கள். நான் அதில் ஒன்றைக் கவனிக்கிறேன். அவர் மிரட்டியது வாக்காளரை அன்று, அரசாங்கங்களை. படமெடுப்பதும் அச்சிடுவதும் கொடுப்பதும் அரசின் செலவு, அரசின் வேலை என்றானது. ஊர் ஊராகப் படமெடுக்க ஆள் போனார்கள். ஆள் மாறிய படங்களும் பிழையான பேர்களும் நிறைய வந்தன. ஆனாலும் வாக்காளர் அலுவலகத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை, அலுவலகம் அவரைத் தேடி வந்தது.

அட்டை இல்லாதவருக்கும் நம் ஆணையம் வழி வைத்திருக்கிறது. ஆதார், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, பாஸ்போர்ட், படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளி அட்டை என்று பன்னிரண்டு ஆவணங்களில் ஒன்று போதும். வாக்காளர் அட்டையில் சின்ன எழுத்துப் பிழைகள் இருந்தால் பொருட்படுத்தக் கூடாது, வேறு தொகுதியில் வழங்கிய அட்டையாக இருந்தாலும் பட்டியலில் பேர் இருந்தால் ஏற்க வேண்டும் என்பவையும் அறிவுறுத்தல்கள். நூறு நாள் வேலை அட்டை அந்தப் பட்டியலில் இருப்பதை டெக்சாஸின் துப்பாக்கி உரிமத்தோடு வைத்துப் பார்த்தால், எந்த அட்டையை ஏற்பது என்ற முடிவுக்குள் யாரை வரவேற்பது என்ற முடிவும் அடங்கியிருப்பது தெரியும். வீடற்றவரைப் பட்டியலில் சேர்க்கும் முறை இன்னும் மேலானது. முகவரிச் சான்று இல்லை என்று தள்ளாமல், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அவர் உறங்கும் இடத்துக்கே போய்ப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். நம் தேர்தல் நடைமுறையில் நான் பெருமைப்படும் விதிகளில் இது முதன்மையானது.

இந்தப் பெருமையால்தான் 2025ஆம் ஆண்டு பீகாரில் நடந்தது எனக்கு வருத்தம் தருகிறது. ஜூன் 24 அன்று அறிவித்த வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், ஆணையம் முதலில் கேட்ட பதினொரு ஆவணங்களில் ஆதார் இல்லை, குடும்ப அட்டை இல்லை, ஆணையமே வழங்கிய வாக்காளர் அடையாள அட்டையும் இல்லை. ஆகஸ்ட் 1 அன்று வெளிவந்த வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பேர் விடுபட்டிருந்தார்கள். இறந்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் அதில் உண்டு; பட்டியலைத் திருத்துவதும் ஆணையத்தின் கடமையே. ஆனால் விடுபட்டவர்களின் பேர்களையும் காரணத்தையும் வெளியிடும்படி உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஆதாரைப் பன்னிரண்டாவது ஆவணமாக ஏற்கும்படியும் செப்டம்பரில் அதே நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது. நவம்பரில் இந்தப் பணி தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஆதார் குடியுரிமைக்குச் சான்றல்ல என்று ஆணையம் சொன்னது சட்டப்படி சரி. அப்படியானால் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளியிடம் குடியுரிமைக்குச் சான்றாக வேறென்ன காகிதத்தை இந்த அரசு எப்போது கொடுத்தது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு காகிதத்தைக் கேட்டவருடையது.

காகிதம் கொடுக்காமலே காகிதம் கேட்டால் ஒரு மக்கள் கூட்டம் என்ன ஆகும் என்பதை நாம் தெரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டாம். இலங்கையின் மலையகத்தில் நம் மக்கள் அதை வாழ்ந்து பார்த்துவிட்டார்கள்.

காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து போனவர்களின் வழிவந்தோர் 1947 பொதுத்தேர்தலில் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேர் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தான் பிறந்தது மட்டும் போதாது. தகப்பனும் இலங்கையில் பிறந்தவர், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயன் எனப்படும் தோட்டக் குடியிருப்பு அறைகளில் பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேரிடம் பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் இருந்திருக்கும்? 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். ஏழு லட்சம் பேரளவில் நாடற்றவர்களானார்கள். 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஓர் உறுப்பினரும் இல்லை. இந்தச் சட்டங்களை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரஸிலிருந்து விலகிய எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்பதும் இந்த வரலாற்றோடு சேர்ந்ததே.

பிறகு 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று மனிதர்களைப் பிரித்தார்கள். பத்தாண்டு கழித்து அந்த மீதியையும் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். நீலகிரியிலும் கூடலூரிலும் இன்று வாழும் தாயகம் திரும்பியோரின் குடும்பங்களுக்கு இந்த எண்கள் பாட்டி தாத்தாவின் கதை. எஞ்சியவர்களுக்கு 1988இல் ஒரு சட்டம், கடைசியாக 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம். பதுளை, நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களில் ஐம்பத்தைந்து ஆண்டுகளாக நீண்ட நாடற்ற நிலை சட்டத்தின் பார்வையில் முடிந்தது.

அடுத்த ஆண்டு, 2004இன் 14ஆம் இலக்கத் தேர்தல் விசேட ஏற்பாடுகள் சட்டம், வாக்களிப்பவர் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும் என்றது. ஆள்மாறாட்டம் இலங்கைத் தேர்தல்களில் உண்மையாகவே பெரிய நோயாக இருந்தது. சட்டத்தின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் இருந்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். தேசிய அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்பையே பதியாத முதியவர்கள் உண்டு. பதிந்த இடத்திலும் தமிழ்ப் பேரைச் சிங்களத்தில் எழுதியபோது ராமாயி வேறொரு பேராகியிருப்பாள், தேயிலைத் தோட்டத்தின் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் இன்னொரு பேராயிருப்பாள். ஊர்களில் விண்ணப்பத்தை உறுதிப்படுத்துபவர் கிராம உத்தியோகத்தர், தோட்டத்திலோ தோட்டத் துரை. கொழுந்து பறிக்கும் ஒருவர் பிரதேச செயலகத்துக்குப் போய்வர ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை எழுத அட்டை தேவை என்பதால் பள்ளி அதிபர் வழியாகக் கிடைத்துவிடும். இடையில் படிப்பை விட்டு வேலைக்குப் போன பிள்ளைக்கு அந்த வழியும் இல்லை. பிரஜாவுரிமை இருக்கிறது, வாக்காளர் இடாப்பில் பேர் இருக்கிறது, அட்டை இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் போரில் இடம்பெயர்ந்து அட்டையைத் தொலைத்தவர்களுக்கும் இதே நிலைதான்.

இலங்கைத் தேர்தல் நிர்வாகம் இதை ஓரளவு உணர்ந்தது. வேறு அட்டை எதுவும் இல்லாதவர்களுக்கு, கிராம உத்தியோகத்தர் வழியாகத் தேர்தலுக்கென்றே தற்காலிக அடையாள அட்டை வழங்கும் முறையை வைத்தது. பெபரல் போன்ற தேர்தல் கண்காணிப்பு அமைப்புகள் தோட்டங்களுக்குப் போய் அட்டை எடுத்துக்கொடுக்க உழைத்தன. அந்த உழைப்பை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அரை நூற்றாண்டுக் காலம் ஆவணத்தை மறுத்த அரசு, அந்த ஆவணத்தைக் கேட்குமுன் செய்திருக்க வேண்டிய வேலை அது. தொண்டு அமைப்புகளின் தோளில் விழுந்திருக்கக் கூடாது.

அட்டை இல்லாதவரை என்ன செய்வது என்பதற்கு உலகில் விடை இல்லாமல் இல்லை. கனடாவில் ஆவணம் இல்லாதவர், அதே வாக்குச்சாவடிப் பகுதியைச் சேர்ந்த ஒரு வாக்காளரை அழைத்துவந்து, அவர் சான்றுரைக்க, தானும் எழுத்து மூலம் உறுதிமொழி தந்து வாக்களிக்கலாம். ஒருவர் ஒருவருக்குத்தான் சான்றுரைக்க முடியும். 2014இல் அந்த வழியை ஒடுக்கினார்கள், 2018இல் மீண்டும் திறந்தார்கள். டெக்சாஸும் நீதிமன்றத்தில் அடிபட்ட பிறகு, அட்டை பெற இயலாத காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு வாக்களிக்கும் வழியை 2016 தேர்தலுக்குத் திறக்க வேண்டியதாயிற்று.

நம்மிடமும் அதற்கான விதை இருக்கிறது. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்துதல் விதிகளில் 36ஆம் விதியைத் தேர்தல் பணிக்குப் போகிறவர்கள் சேலஞ்ச் ஓட்டு விதி என்பார்கள். வந்தவர் உண்மையான வாக்காளர் இல்லை என்று ஒரு பூத் ஏஜென்ட் ஆட்சேபித்தால், அந்த ஏஜென்ட் முதலில் 2 ரூபாய் கட்ட வேண்டும். பிறகு தன் குற்றச்சாட்டுக்கு அவரே சான்று தர வேண்டும். தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார், அக்கம்பக்கத்தாரைக் கேட்பார். ஆட்சேபித்தவர் நிரூபிக்கத் தவறினால் வாக்காளர் வாக்களிப்பார். வெறும் தொந்தரவுக்காகச் செய்த ஆட்சேபம் என்று தெரிந்தால் அந்தப் பணமும் போகும். ஐயப்படுகிறவரே நிரூபிக்கட்டும் என்று இதை எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

பட்டியலில் பேர் இருந்து, பன்னிரண்டு ஆவணங்களில் ஒன்றும் கையில் இல்லாமல் வரும் ஒருவருக்கும் இந்த விசாரணையை நீட்டிக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்துக்கு நான் வைக்கும் வேண்டுகோள். அதே சாவடியின் வாக்காளர் ஒருவர் சான்றுரைக்கட்டும், வந்தவர் உறுதிமொழியில் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைக்கட்டும், தலைமை அலுவலர் அதைப் பதிவு செய்துகொண்டு அவரை அடுத்த மேசைக்கு அனுப்பட்டும். பொய்யுரைத்தவரைப் பிறகு தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. எத்தனை பேர் அப்படி வந்தார்கள், எத்தனை பேர் வாக்களிக்காமல் திரும்பினார்கள் என்ற கணக்கையும் சாவடி வாரியாக எழுதி வைத்து, தேர்தல் முடிந்ததும் வெளியிட வேண்டும்.